ஒருக்கால் சூடாக்கினால் சரியாகிவிடுமா?

பின்னேரம் சட்டியைத் திறந்து மணந்து பார்த்து, "பழுதாகேல்லை, ஒருக்கால் கொதிக்க வைச்சால் சரி" என்று சொல்லாத வீடு வன்னியில் இருக்காது. மத்தியானக் கோழிக்கறி, காலையில் வடித்த சோறு, நேற்றைய சொதி என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தீர்ப்புத்தான். அதில் பாதி உண்மை இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் அவை சாவதற்கு முதல் உணவுக்குள் விட்டுவைத்த நச்சு கொதியில் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. கிருமிகளில் சில வகை கொதியையே தாங்கிக்கொண்டு கிடந்து, ஆறிய பிறகு எழும்பும். மூக்கும் இதில் பெரிதாக உதவாது, ஏனென்றால் சாப்பாட்டை ஊசவைத்து நாறவைக்கிற கிருமிகளும் ஆளை வைத்தியசாலைக்கு அனுப்புகிற கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறு. நல்ல வாசத்தோடு இருக்கிற கறியும் ஆளைக் கவிழ்க்கும்.

சாப்பாடு நஞ்சாவது என்றதும் ஈ, குப்பை, கழுவாத கோப்பை என்று கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைத்தான் நாங்கள் தேடுவோம். அதெல்லாம் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் கோப்பையில் போடுவதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு என்னவோ வன்னியில் பாதிக்கு மேற்பட்ட வில்லங்கம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்று படுகிறது.

போர் நடந்த காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மின்கம்பியில் கரண்ட் வரவில்லை. பிரிட்ஜை நம்பி யாரும் சமைத்ததும் இல்லை. வேளைக்கு வேளை உலை வைத்தார்கள், இருந்ததைப் பகிர்ந்து அந்த நேரத்திலேயே முடித்தார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள், மிஞ்சிய மீனைக் கருவாடாக்கினார்கள், இறைச்சிக்கு உப்பும் மஞ்சளும் பூசி அடுப்புப் புகையில் காயவிட்டு வற்றல் போட்டார்கள். உப்பு, வெயில், புகை, புளிப்பு, இவை நாலும்தான் அப்போதைய பிரிட்ஜ். 2009-க்குப் பிறகு ஏ9 வீதி நெடுகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன, கலியாண மண்டபங்கள் வந்தன, புறொய்லர் கோழி, பார்சல் சாப்பாடு, வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் எல்லாம் வந்தன. சமைக்கிற அளவு பெருத்துவிட்டது, சமைத்ததை வைத்துச் சாப்பிடுகிற நேரமும் நீண்டுவிட்டது, பழக்கம் மட்டும் அந்தந்த வேளைக்குச் சமைத்த காலத்துப் பழக்கமாகவே நிற்கிறது.

இந்த நேரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். அதற்குக் கீழே மந்தமாகிவிடும், மேலே தாக்குப்பிடிக்காது. வன்னியில் சித்திரை, வைகாசியில் சமையலறை பகல் முழுவதும் 30 பாகைக்கு மேலே நிற்கும், ஓட்டுக்கூரைக்கும் தகரக்கூரைக்கும் வித்தியாசம் வேறு. அந்தச் சூட்டில் வசதி கிடைத்த பக்டீரியா ஒன்று 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று வைத்தால், மத்தியானம் 12 மணிக்குச் சட்டியில் விழுந்த ஒரேயொரு கிருமி இரவு 7 மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து அறிவுரைகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது: சமைத்த உணவைச் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மற்ற நாலும் தெரிந்தவைதான்: கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும், பச்சையானதும் சமைத்ததும் ஒன்றோடொன்று படக்கூடாது, உள்ளே 70 பாகை வரும்வரை வேகவேண்டும், தண்ணீரும் பொருளும் நல்லதாக இருக்கவேண்டும்.

சோற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சோற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. இறைச்சி, மீன் என்றால் பயப்படுகிற ஆளும் காலைச் சோற்றை இரவுக்கு எடுத்துப்போடுவார். பசிலஸ் சீரியஸ் என்றொரு பக்டீரியா மண்ணில் வாழ்கிறது, வயலில் விளைகிற எதனோடும் வீட்டுக்கு வரும். அது நிலைமை சரியில்லாதபோது வித்தியாக மாறிவிடும், அதாவது கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்து மாரிமழைக்கு முளைக்கிற விதை மாதிரி ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். உலை கொதிக்கிற கொதியில் மற்றவை எல்லாம் சாகும், இது சாகாது. சோற்றை வடித்துப் பானையோடு மூடி அடுப்படியில் வைத்ததும், இளஞ்சூடு, ஈரம், மாப்பொருள் மூன்றும் ஒன்றாகக் கிடைக்க, முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியெடுக்க வைக்கிற அந்த நச்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. கொத்துக் கடைத் தாச்சியில் இரண்டு நிமிடம் பிரட்டினால் அது என்ன ஆகப்போகிறது? பிரைட் றைஸ் சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தவர்கள் எண்ணெயையும் அஜினோமோட்டோவையும் திட்டுவார்கள், பல நேரம் குற்றவாளி காலையிலேயே வடித்துக் கூடையில் கொட்டிவைத்த சோறுதான்.

அப்போ பழஞ்சோறு? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தண்ணீர் ஊற்றினதும் சோறு சட்டென்று ஆறிவிடும், பிறகு லக்டிக் அமிலம் சுரக்கிற பக்டீரியாக்கள் பெருகி விடியும்போது அதைப் புளிக்கவைக்கும், புளிப்புக் கூடக்கூட மற்றக் கிருமிகளுக்கு இடம் குறையும். அம்மம்மாமார் செய்தது வெறும் சிக்கனம் மட்டும் இல்லை. ஆனால் அவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு தண்ணீர் ஊற்றினார்கள். பகல் 11 மணிக்கு வடித்த சோற்றை நாள் முழுக்க மூடிவைத்துவிட்டு இரவு 10 மணிக்கு நாடகம் பார்த்து முடிந்து எழும்பித் தண்ணீர் ஊற்றினால், அதற்கு முதலே வந்துவிட்ட நச்சைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. ஊற்றுகிற தண்ணீரும் கொதித்தாறிய தண்ணீராக இருக்கவேண்டும்.

கறிக்கு வருவோம், அதுவும் கிடாரத்தில் வைக்கிற கறிக்கு. செத்தவீட்டுக்குப் பிறகு வருகிற எட்டுச் செலவு, அந்தியேட்டி, அல்லது சாமத்திய வீடு, கோயில் அன்னதானம் எதுவானாலும் எங்கள் ஊர்களில் சமையல் சாமத்திலேயே தொடங்கிவிடும். விடியப்புறம் 3 மணிக்கு இறைச்சிக்கறி இறங்கும், பந்தி மத்தியானம் 12 மணிக்கு. பெரிய பாத்திரத்தில் தடிப்பான குழம்பு என்றால் மேலே தொட்டால் ஆறினமாதிரி இருக்கும், நடுவில் பல மணி நேரம் இளஞ்சூடாகவே கிடக்கும். குளொஸ்திரிடியம் பேர்பிரிஞ்சென்ஸ் என்கிற பக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது: அதுவும் வித்தி போட்டுக் கொதியைத் தாண்டும், காற்று இல்லாத குழம்பின் அடியில்தான் அதற்கு விருப்பம், 43 முதல் 47 பாகை வரையான சூட்டில் பத்து நிமிடத்துக்குள்ளேயே இரட்டிக்கும். சாப்பிட்டவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரவு அல்லது அடுத்தநாள் விடிய வயிற்றைப் பிடித்து முறுக்கும், வயிற்றாலே போகும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், ஒரே ஊரில் ஐம்பது பேருக்கு ஒன்றாக வரும். பிறகு செலவு வீட்டுக்காரருக்கு நாவூறு என்று ஒரு கதை கட்டப்படும்.

இந்த இடத்தில் சூடாக்குவது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் இந்தக் கிருமி பெரும்பாலும் உயிரோடு வயிற்றுக்குள் போய்த்தான் நச்சு விடுகிறது. ஆனால் பந்திக்கு முதல் நடக்கிற சூடாக்கல் எப்படியிருக்கும்? விறகைத் தள்ளிவிட்டு, கரையில் குமிழி வந்ததும் "சரி, எடுங்கோ" என்று வாளியில் ஊற்றத் தொடங்குவார்கள். அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, நடுக்குழம்பும் கொதித்து ஆவி பறக்கிற வரைக்கும் விடவேண்டும். அதைவிட நல்ல வழி, இறைச்சியைப் பந்திக்குக் கிட்டவாக வைப்பது, அல்லது இறக்காமல் தணலில் 60 பாகைக்கு மேலே வைத்திருப்பது. சமையற்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்குப் பத்து மணிக்கு அடுத்த வீடு இருக்கும். ஆனாலும் காசு கொடுக்கிறவர் கேட்டுப்பார்க்கலாமே. மிஞ்சியதைப் பகிர்ந்து கொடுக்கிற பழக்கம் நல்ல பழக்கம், அதைப் பந்தி முடிந்த உடனே செய்யுங்கள், பின்னேரம் 5 மணிக்குச் சொப்பிங் பையில் கட்டி அயலுக்கு அனுப்பாதீர்கள்.

ஆறவைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சூட்டோடு பிரிட்ஜில் வைத்தால் பிரிட்ஜ் பழுதாகும் என்று சொல்லிச் சட்டியை மேசையில் அரைநாள் வைத்துவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்க வைக்கத் தேவையில்லைதான், ஆனால் முழுக்க ஆறும்வரை காத்திருக்கவும் கூடாது. ஆழமான சட்டியிலிருந்து அகலமான தட்டுகளுக்கு மாற்றி இரண்டு அங்குல உயரத்துக்குப் பரவிவிட்டால், அல்லது பேசினில் குளிர்தண்ணீர் விட்டு அதற்குள் பாத்திரத்தை இறக்கிக் கிளறிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போகிற பதம் வந்துவிடும்.

பார்சல் சாப்பாட்டை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். கருத்தரங்கு, விளையாட்டுப் போட்டி, சிரமதானம் எதுவென்றாலும் நூறு பார்சலுக்குச் சொல்லிவிடுவோம். கடையில் நூறு பார்சல் கட்ட நேரம் வேண்டும், எனவே காலை 9 மணிக்கே கட்டத் தொடங்குவார்கள். சூடான சோற்றை லஞ்ச் ஷீட்டில் கொட்டி, பக்கத்தில் கோழித்துண்டு, பருப்பு, அதோடு சூடு காட்டாத தேங்காய்ச் சம்பல், பொரித்த மிளகாய், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டிப் பேப்பரால் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினால், ஒன்றின் சூடு மற்றதை ஆறவிடாது. பேச்சாளர் நேரஞ்சென்று வந்து, கூட்டம் இழுபட்டு, ஒன்றரை மணிக்குப் பார்சலை அவிழ்க்கும்போது சோறு இளஞ்சூடாக இருக்கும், எல்லோரும் "சாப்பாடு சூடாய் இருக்கு" என்று சந்தோசப்படுவோம். அந்த இளஞ்சூடுதான் பிரச்சினை. கையால் பிசைந்த சம்பலும் கோழியும் நாலு மணி நேரம் அதற்குள் இருந்திருக்கின்றன. கூட்டம் நடத்துகிறவர்கள் ஒன்றே ஒன்றைச் செய்யலாம்: கட்டிய நேரத்தைப் பெட்டியில் எழுதச் சொல்லிக் கேட்பது. கடைக்காரர் முதலில் முறைப்பார், பிறகு பழகிவிடுவார்.

கை என்று சொன்னதும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்கிற பக்டீரியாவைச் சொல்லாமல் விட முடியாது. இது வெளியிலிருந்து வருவதில்லை, எங்கள் மூக்கிலும் தோலிலும் சுகமாகக் குடியிருக்கிறது, கட்டு, கொப்புளம், வெட்டுக்காயத்தில் கூட்டமாக இருக்கும். இதன் நச்சும் கொதிக்கு அசையாது. சமைத்த பிறகு கையால் தொடுகிற சாப்பாடுகள்தான் இதற்கு வாசல்: சம்பல், பிய்த்துப்போட்ட இறைச்சி, இடியப்பத்தட்டு, கேக், சான்விச். விரலில் துணி சுற்றிக்கொண்டு சமையலறையில் நிற்கிற ஆளை வேறு வேலைக்கு அனுப்புங்கள், விறகு கொத்தட்டும், பந்தலில் கதிரை அடுக்கட்டும்.

ஏ9 வீதியில் பஸ் நிற்கிற கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணி சொன்னதும், கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், வடை, மீன் பணிஸ், பற்றீஸ் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் கணக்கு. ஒருத்தர் ரோல்ஸை நசித்துப் பார்ப்பார், சின்னப்பிள்ளை வடையைத் தொட்டுவிட்டு வைக்கும், தட்டுக்கு மேலே நாலு பேர் கதைப்பார்கள், இருமுவார்கள். எழும்பிப் போனதும் மிச்சம் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பிப் போகும், அடுத்த பஸ்ஸுக்கு அதே தட்டு. அந்தப் பெட்டிக்குள் எரிகிற பல்பு சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் என்று நினைப்போம், உண்மையில் பெரும்பாலும் கிருமிக்குப் பிடித்த அளவுக்குத்தான் சூடு வைத்திருக்கும். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்லி எனக்கு அதிகாரம் கிடைத்தால் நாளைக்கே நிறுத்துவேன். அதுவரை, "தட்டு வேண்டாம், பெட்டியிலிருந்து இடுக்கியால் இரண்டு எடுத்துத் தாங்கோ" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மீனில் சூடு இன்னும் கையாலாகாமல் போகிறது. முல்லைத்தீவில் கரைக்கு வருகிற மீன் மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டிக்குள் ஒட்டுசுட்டான், மாங்குளம், புளியங்குளம் என்று உள்ளுக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். பெட்டிக்குள் ஐஸ் மீனுக்குச் சரிபாதியாவது இருந்தால் நல்லது, பல நேரம் அடியில் ஒரு கட்டி உருகித் தண்ணீராகத்தான் ஆடிக்கொண்டிருக்கும். சூரை மாதிரிச் சிவப்புத் தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. சூட்டில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பெல்லாம் கடிக்கும், சிலருக்கு வாயில் மிளகுக் காரம் மாதிரித் தெரியும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லித் திரிகிற சிலருக்கு உண்மையில் அந்த மீனோடு பகை இல்லை, அன்றைக்கு வந்த மீன் ஐஸ் இல்லாமல் வந்தது, அவ்வளவுதான். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் பொரித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. எனவே மீனை வாங்கும்போது கண்ணும் செவுளும் பார்ப்பதோடு பெட்டிக்குள்ளும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். பேத்தை மீனுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அதன் நஞ்சு மீனுக்குள்ளேயே இருப்பது, எந்தச் சமையலும் அதை எடுக்காது, மாற்று மருந்தும் கிடையாது. வலையில் பட்டால் மீனவர்கள் எறிகிறார்கள், எறியட்டும். அந்த மீன் ஐஸ் பற்றியும் ஒரு வார்த்தை: மீனுக்கென்று அடிக்கிற ஐஸ் கட்டி குடிதண்ணீரில் செய்ததுதான் என்று நம்ப முடியாது. வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் ஊற்றுகிற புண்ணியவான்கள், அதற்குள் போடுகிற ஐஸ் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்துப் போட்டால் புண்ணியம் இன்னும் கூடும்.

கோழிக்கும் முட்டைக்கும் கதை வேறு, அங்கே சூடு நன்றாகவே வேலை செய்யும், நாங்கள்தான் அதற்கு இடம் விடுவதில்லை. சல்மொனெல்லா என்கிற பக்டீரியா முட்டை ஓட்டின் மேலேயும் இருக்கலாம், அரிதாக உள்ளேயும் இருக்கலாம். பெரியபிள்ளையான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. காய்ச்சல்காரருக்கு முட்டைக் கோப்பி அடித்துக் கொடுப்பதும் இருக்கிறது, கோப்பியின் சூடு முட்டையை வேகவைக்கப் போதாது. சத்து வேண்டுமென்றால் அவித்த முட்டையிலும் அதே சத்துத்தான், பச்சையைவிட அவித்ததுதான் நன்றாகச் செமிக்கும். இறைச்சியைக் கிணற்றடியில் வைத்து அலசோ அலசென்று அலசுவதும் தேவையில்லாத வேலை, தெறிக்கிற தண்ணீர் பக்கத்திலிருக்கிற வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் கிருமியைக் கொண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமைப் பங்கு இறைச்சி பெரும்பாலும் அன்றைக்கே வெட்டி அன்றைக்கே சட்டிக்குப் போகிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இறைச்சி வெட்டின அதே பலகையை ஒரு துடை துடைத்துவிட்டுச் சலாட்டுக்கு வெள்ளரிக்காய் அரிவதுதான் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவ ஒரு நிமிடம் போகும்.

வன்னித் தேனைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் இல்லை, நானும் பேசுவேன், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் ஒரு துளியும் வைக்காதீர்கள். பொட்டுலிசம் என்கிற நோயை உண்டாக்குகிற வித்தி தேனில் இருக்கலாம், பெரியவர்களின் குடலில் அது முளைக்காது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். தேனைக் காய்ச்சிக் கொடுத்தாலும் வித்தி சாகாது. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கிற பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாதவர்கள், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவர் வாயால் சொல்ல வைக்கலாம், அவர் சொன்னால் எடுபடும்.

மரவள்ளிக்கு மட்டும் எங்கள் ஆட்கள் கவனம் குறைவில்லை. இஞ்சி சேர்க்காதே, மூடி போடாதே என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இஞ்சிக் கதையை விடுங்கள், மூடி போடாமல் அவிப்பதில் சரியான காரணம் இருக்கிறது: கிழங்கிலிருந்து வருகிற சயனைட்டு ஆவியாகப் போய்விடும். தோலை நன்றாக உரித்து, அவித்த தண்ணீரைக் கொட்டி, கிழங்கு கிண்டிய அன்றோ மறுநாளோ முடித்துவிட்டால் போதும்.

பிரிட்ஜுக்கு வந்தால், அது கிருமியைக் கொல்கிற பெட்டி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது மந்தமாக்கும், அவ்வளவுதான், அதுவும் உள்ளே 5 பாகைக்குக் கீழே இருந்தால். காற்று ஓட இடமில்லாமல் தேங்காய், மரக்கறி, தண்ணீர்ப் போத்தல், அயல்வீட்டாரின் மீன் எல்லாம் திணித்து, பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தால் எங்கே 5 பாகை நிற்கும்? பச்சை இறைச்சியைக் கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே வைத்தால் அதன் இரத்தத் தண்ணீர் கீழே இருக்கிற சாப்பாட்டுக்குள் சொட்டும். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் 4 மணி நேரம் வரைக்கும் குளிரைப் பிடித்துவைக்கும், நிறைந்த டீப் பிரீசர் 48 மணி நேரம் வரைக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். அதற்கு மேலே போனால் இறைச்சி, மீன், பால், சமைத்த சாப்பாடு எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டும். மனம் வராது, கிலோ இறைச்சி விற்கிற விலைக்கு எப்படி வரும். ஆனால் கரண்ட் வந்ததும் திரும்ப உறைந்து கல்லாகிவிட்ட இறைச்சியைப் பார்த்து யாரும் அது இடையில் உருகிக் கிடந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு காசை வைத்துவிடுங்கள், காசு அடிக்குப் போயிருந்தால் உள்ளே எல்லாம் உருகியிருக்கிறது.

தண்ணீரைத் தனியாக எழுதவேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். 2018 மார்கழியில் இரணைமடு நிறைந்து கதவுகள் திறக்க, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள்தான் இருந்தன. வெள்ளம் வடிந்து கிணறு தெளிந்துவிட்டால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போடும்வரைக்கும் குமிழி வந்து ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்த தண்ணீர்தான், குடிக்க மட்டும் இல்லை, சம்பல் அரைக்க, கீரை கழுவ, பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து இப்போது பல ஊர்களில் ஆர்.ஓ. மெசினில் வடிகட்டிய தண்ணீர் வாங்குகிறோம். அந்தத் தண்ணீர் சுத்தம், ஆனால் அதில் குளோரின் மிஞ்சியிருக்காது, ஆகவே மாதக்கணக்கில் உள்ளே கை போட்டுக் கழுவாத பச்சை பிடித்த பிளாஸ்டிக் கானில் ஊற்றினால் அதைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் வரும். வந்தால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் பிடிப்போம். அது நியாயமில்லை. ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் அந்த வேளைச் சாப்பாட்டைச் சந்தேகப்படலாம். வயிற்று முறுக்கோடு பேதி என்றால் முந்தின வேளை, அல்லது நேற்றைய சாப்பாடு. காய்ச்சலோடு வருகிற சல்மொனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எடுக்கும், நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்) ஒன்றிலிருந்து மூன்று வாரம், செங்கமாரிக்கு இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரைக்கும் கூடப் போகும். வைத்தியர் மூன்று நாளாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது ஊர்க்கதை கேட்க இல்லை.

வீட்டில் செய்யவேண்டியது முதலில் தண்ணீரை ஈடுகட்டுவது. ஜீவனி என்கிற உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள் பக்கற் முழுவதையும் அதில் எழுதிய அளவு தண்ணீரில், வழமையாக 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில், கரைக்கவேண்டும். பாதியைப் பாதிக் கிளாஸில் கரைத்தால் உப்புக் கூடிப் பிள்ளைக்கு இன்னும் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். கஞ்சி கொடுக்கலாம், சோடா வேண்டாம், பேதியை நிறுத்துகிற குளிசையைப் பிள்ளைகளுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். இரத்தம் போனால், கண் குழி விழுந்தால், ஆறு மணி நேரமாகச் சலம் போகாவிட்டால், குடித்த எதுவும் தங்காவிட்டால், நாக்கோ உதடோ விறைத்தால், கர்ப்பிணி என்றால், கைக்குழந்தை என்றால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்கவேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சந்தேகம் வந்த உடனேயே வைத்தியர் படிவம் நிரப்பிப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும், அங்கிருந்து பரிசோதகர் தேடி வருவார். 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் கடைக்குள் போய்ப் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடுகிற அட்டவணையில் வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நாலுக்கும் தனித்தனி வரிசை உண்டு, ஆனால் வீட்டிலேயே கசாயம் குடித்துப் படுத்து எழும்பினவர்கள் அந்த வரிசைக்குள் வரமாட்டார்கள். செலவு வீட்டில் இருபது பேருக்கு வருத்தம் வந்தால், வெட்கத்தில் பானை சட்டியை எல்லாம் சாம்பல் போட்டு மினுக்கிக் கவிழ்த்துவிடாமல், ஒவ்வொரு கறியிலும் சோற்றிலும் ஒரு கை அளவைச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்து, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று எழுதி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், உறையவிடாமல், பரிசோதகர் வரும்வரை வையுங்கள்.